வேலியிலே தொங்கிய பட்டு

ஆனி மாதத்தில் நயினாதீவு நாகபூஷணி அம்மன் ஆலயத்துத் திருவிழா நடைபெறுங் காலத்தில், குறிகட்டுவான் இறங்குதுறையிலே சற்று நேரம் நின்று பார்த்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். வள்ளத்தில் ஏறும் பெண்கள் ஒரு கையாற் குழந்தையையும் மறு கையாற் பட்டுச் சேலையின் கொய்சகத்தையும் பற்றிக்கொண்டு, கடல்நீர் தெறித்துவிடுமோ என அஞ்சி அஞ்சிக் கால் வைப்பார்கள். குழந்தை நனைந்தால் துவட்டிவிடலாம். காஞ்சிபுரம் நனைந்தால் என்ன செய்வது! அவ்வளவு பேணப்படுகின்ற அச்சேலைகளுள் ஒன்றேனும் எமது தீவகத்தில் விளைந்த நூலால் ஆயதன்று. பட்டு என்பது கடல் கடந்து வந்து சேரும் பொருள் என்றே நாமும் எண்ணியிருந்தோம்.

அவ்வெண்ணம் சென்ற ஆடி மாதத்தில் மாறிற்று.

வேலணையில் உறவினர் ஒருவரின் வளவிற்குச் சென்றிருந்தோம். சோளகக் காற்று பனையோலைகளை உலுப்பிக்கொண்டிருந்தது. தெருப்பக்கத்து வேலியை அகற்றிவிட்டு மதில் எழுப்பும் வேலை அங்கே தொடங்கியிருந்தமையால், ஒதியங் கதியால்கள் யாவும் தறிக்கப்பட்டு முற்றத்தில் அடுக்கிக் கிடந்தன. அவ்வீட்டுச் சிறுவன் ஒரு கொப்பிலிருந்து சருகுப் பொட்டலம் போன்ற ஒன்றைப் பிய்த்தெடுத்து வந்து, காதருகே வைத்துக் குலுக்கினான்.

“ஆச்சி, இதுக்குள்ளை என்னவோ ஆடுது.”

“மயிர்க்கொட்டிக் கூடாயிருக்கும். கொண்டுபோய் அடுப்புக்குள்ளை போடு மோனை” என்றார் ஆச்சி, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அடுப்புக்குப் போகும் வழியில் அதனை நாம் வாங்கிப் பார்த்தோம். காய்ந்த இலைகள் இரண்டு மூன்றைச் சேர்த்துப் பின்னிய கபிலநிறக் கூடு அது. நீளம் ஏறத்தாழ 2 அங்குலம். கடதாசி போன்ற தடிப்பு. விரலால் அழுத்தினால் உள்வாங்கும், விட்டால் மீளும். சருகை உரித்துவிட்டு வெயிலிற் பிடித்தபோது அதன் புறத்தே மங்கலானதோர் மினுமினுப்புத் தோன்றிற்று. கூறைப்புடவையின் மடிப்பிலே தோன்றுகின்ற அதே மினுமினுப்பு. ஐயமில்லை, அது பட்டு.

அக்கூட்டைக் கட்டியது ஒரு நிலாப் பூச்சியின் புழு. விஞ்ஞானிகள் அப்பூச்சிக்கு அக்டியாஸ் செலீனே எனப் பெயரிட்டிருக்கின்றனர். செலீனே என்பாள் கிரேக்கரின் சந்திர தேவதை. இந்தியாவின் பல பாகங்களிலும் இலங்கையிலும் வாழும் இப்பூச்சியை ஒரு முறை கண்டவர்கள் அப்பெயர் பொருத்தமானதே என ஒப்புவர். இளம் வாழைக்குருத்தின் வெளிர்பச்சை இறகுகள். முன்னிறகின் மேல்விளிம்பிலே அரக்கு நிறக் கரை. நான்கு இறகுகளிலும் ஒவ்வொரு கண்பொட்டு. பின்னிறகுகளிலிருந்து நாடா நெளிவதுபோல் நீண்டு தொங்கும் இரு வால்கள். வெள்ளைப் பஞ்சுருண்டை போன்ற உடல். இறகை விரித்தால் ஒரு நுனிக்கும் மறு நுனிக்கும் இடையே 4 அங்குலத்திற்கு மேல் இருக்கும். 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வெளிவந்த, இலங்கையின் வண்ணத்திப் பூச்சிகளையும் விட்டில்களையும் பற்றிய பெருநூலை எழுதிய பிரெடெரிக் மூர் என்பவர், இத்தகைய காட்டுப் பட்டுப்பூச்சிகள் பலவற்றை அதில் விவரித்திருக்கின்றார்.

இங்கே ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். சேலை நெய்வதற்கு நூல் தருவது வேறு பூச்சி. முசுக்கட்டை இலையுண்ணும் அப்பூச்சியைச் சீனர் 5,000 ஆண்டுகளாகத் தட்டிலே வளர்த்து வளர்த்து, இறகிருந்தும் பறக்கவியலாத வீட்டுப் பிராணியாக்கிவிட்டனர். எமது நிலாப் பூச்சியோ சுதந்திரமானது. அதன் கூட்டு நூலைச் சிக்கின்றி இழுத்துச் சுற்ற முடியாது. ஆகையால் வணிகர் கண்ணில் அது படவில்லை. பிழைத்தது!

சேலைப் பட்டை யாழ்ப்பாணத்திலேயே விளைவிக்க வேண்டுமென்று ஒருவர் முயன்றதும் உண்டு. ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அப்போரை நடத்திய றைக்லொப் வான் கூன்ஸ், 1663ஆம் ஆண்டில் தமக்குப் பின் வந்தவரிடம் ஆட்சியை ஒப்படைக்கையில் எழுதி வைத்த குறிப்பிலே, யாழ்ப்பாணத்திற் பட்டுப்புழு வளர்த்துப் பார்க்கும் முயற்சி தொடங்கப்பட்டிருக்கிறதென்றும், தாம் நாட்டிய முசுக்கட்டை மரங்கள் அங்கே நன்கு வளர்கின்றனவென்றும், பிற இடங்களிலும் அவற்றை நாட்டுதல் வேண்டுமென்றும் தெரிவித்தார். மறு ஆண்டு அறிக்கையிலும் மரங்களைப் பற்றிய செய்தி உண்டு. அதற்குப் பின்னர் பேச்சே இல்லை. இவ்வரலாற்றை, இலங்கையின் குடியேற்றக் காரியதரிசியாக இருந்த எமெர்சன் டெனன்ட் 1861ஆம் ஆண்டிற் பதிப்பித்த தமது இயற்கை வரலாற்று நூலில் எடுத்துக் கூறியிருக்கின்றார். புகையிலைக்கும் பனைக்கும் உகந்த எமது மண்ணிலே முசுக்கட்டை நிலைக்கவில்லை போலும். தீவுகளுக்கு அவர்கள் இட்ட பெயர்களும் நிலைக்கவில்லை. வேலணையை லைடன் என்றும் நயினாதீவை ஹார்லெம் என்றும் எழுதி வைத்தார்கள். இன்று நெடுந்தீவின் டெல்ப்ற் என்னும் பெயர் ஒன்றே வழக்கில் எஞ்சியிருக்கின்றது. முசுக்கட்டை கொண்டு பட்டு விளைவிக்க முயன்ற அதிகாரிக்கு, வேலியிலே கேட்பாரின்றிப் பட்டுக் கூடுகள் தொங்கக்கூடுமென்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவ்வேலிக்கு வருவோம். ‘ஒதி பெருத்தால் உத்தரமாகுமா?’ என்று பழமொழி சொல்லி எம்மவர் இகழ்கின்ற ஒதிய மரம்தான் நிலாப் பூச்சிப் புழுவின் விருப்பமான உணவு. விட்டத்திற்கு உதவாத அம்மரம் வேலிக்கு நன்கு உதவும். மாரியில் ஒரு தடியை வெட்டி ஊன்றினாற் போதும். வேர் விட்டுத் தளிர்த்துவிடும். நெடுந்தீவில் மாத்திரம் கதை வேறு. அங்கே கடற்கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளே பெரிதும் உண்டு. காண்பதற்கு மிக அழகு, புழுவுக்குத்தான் அதிலே ஒரு வாய் உணவும் இல்லை.

பெண் பூச்சி ஒதிய இலைகளிலும் கொப்புகளிலும் சிறிது சிறிதாக ஏறத்தாழ 200 முட்டைகளை இடும். பத்துப் பன்னிரண்டு நாளில் முட்டை பொரிக்கும். வெளிவரும் புழு முதலிற் செந்நிறமாயும் நடுவிலே கரும்பட்டி உடையதாயும் இருக்கும். பார்ப்பவர் எறும்பு என்றும் எண்ணக்கூடும். முதற்சட்டை கழற்றி மேலும் வளர வளர இளம்பச்சையாகி, முதுகிலே மஞ்சட் குமிழ்கள் வரிசையாக எழும். நான்கு முறை சட்டை கழற்றிய பின்னர் ஆளின் நடுவிரலினும் பருத்து நிற்கும். இந்த ஐந்தாறு கிழமைகளில் அது செய்வது ஒரே தொழில்: உண்ணுதல். அமைதியான இரவில் மரத்தடியில் நின்றால், எச்சக் குறுணிகள் சருகின்மேல் விழும் ஓசை தூறல்போலக் கேட்கும்.

இதனை மயிர்க்கொட்டி எனக் கருதித் தீயிடும் தாய்மார் சற்றுப் பொறுத்தல் வேண்டும். முருங்கையில் மொய்த்து உடம்பெல்லாம் தடிக்கச் செய்யும் மயிர்க்கொட்டி வேறு, இது வேறு. இதன் உடலில் முட்கள் போல ஒரு சில மயிர்கள் உண்டாயினும் தீங்கு விளையாது. இதே குடும்பத்துத் தூரத்து உறவினர் சிலர்தாம் பொல்லாதவர்கள். தென் பிரேசிலிலே லொனோமியா என்னும் பூச்சியின் புழுவைத் தவறுதலாகத் தொட்டவர்கள் இரத்தம் உறையாது பெருகி இறந்ததுண்டு. சாவோ பாவுலோ நகரத்துப் புட்டான்டான் நிலையம் அதற்கு மாற்று மருந்து தயாரிக்கின்றது. நல்லவேளை, அவ்வுறவினருக்கும் எமக்கும் இடையே இரண்டு சமுத்திரங்கள் உள்ளன.

தென்னமெரிக்காவைக் குறிப்பிட்டமையால் இன்னொன்றையும் சொல்லிவிடுகின்றோம். உலகெங்கும் 2,000க்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இக்குடும்பத்தின் பெரும்பகுதி அக்கண்டத்திலேயே வாழ்கின்றது. அவற்றுட் சில அந்தீஸ் மலைத்தொடரிலே, 10,000 அடி உயரத்தில், இரவில் நீர் உறையும் குளிரிலும் பறக்கின்றன. பூச்சிக்குச் சூடான இரத்தம் இல்லையே, எவ்வாறு பறக்கும்? பறப்பதற்கு முன் கொப்பிலே இருந்தபடியே இறகுத் தசைகளை நடுங்கச் செய்து, மார்பின் வெப்பத்தை 30 பாகைக்கு மேல் ஏற்றிக்கொள்ளும். அவ்வெப்பம் வெளியேறாவண்ணம் அடர்ந்த மயிர் அதனைப் போர்த்திருக்கும். எமது நிலாப் பூச்சியின் வெண்பஞ்சு மேனியும் அதே போர்வைதான். எமது வெப்ப இரவுகளிலும் அது நடுங்கிவிட்டே எழும்பும். மலைநாட்டுப் பூச்சிக்குப் பகை குளிர். தீவகத்துப் பூச்சிக்குப் பகை வறட்சி.

பட்டின் பயன் அங்கேதான் விளங்கும். மாரி முடிந்து நிலம் வெடிக்கத் தொடங்கினால் ஒதி இலையுதிர்த்து மொட்டையாகிவிடும். அந்நாட்களில் புழு வெளியே இருப்பின் பட்டினியால் மாளும். ஆகவே அது தன் வாயருகேயுள்ள சிறு துவாரத்தினால் நூலை வார்த்து, தலையை எட்டு வடிவாக ஆட்டி ஆட்டித் தன்னைச் சுற்றி ஓர் அறை கட்டி, உள்ளே கூட்டுப்புழுவாகி உறங்கிவிடும். உண்பதில்லை, குடிப்பதில்லை, மூச்சும் மிகச் சொற்பம். கச்சான் காற்றும் சோளகமும் வீசி ஓய்ந்து, வாடை திரும்பி மழை வரும்வரை அவ்வுறக்கம் நீடிக்கும். நாம் கொண்டாட்டத்திற்கு உடுக்கும் பட்டு, புழுவுக்கு உயிர் காக்கும் குடில். ஒரு இறாத்தல் பட்டு நூலுக்கு 2,500க்கு மேற்பட்ட கூடுகளை ஆவியிலோ கொதிநீரிலோ இட்டு, உள்ளிருப்பதை மாய்த்தல் வேண்டும் என்பதை இங்கே நினைவூட்டுவது சேலைப் பிரியைகளுக்கு மகிழ்ச்சி தராது. எம் வீட்டிலும் தரவில்லை.

அன்று அச்சிறுவன் தந்த கூட்டை வீட்டிற்குக் கொண்டுவந்து, ஒதியங் கொப்புடன் விறாந்தைச் சாளரத்திற் கட்டித் தொங்கவிட்டோம். ஆவணி, புரட்டாதி கழிந்தன. வீட்டார் அதனை மறந்துவிட்டனர். ஒரு நாள் ஒட்டடையோடு அடித்தும் வீழ்த்தினர். ஐப்பசியில், தீபாவளி கழிந்து மழை பிடித்த மூன்றாம் நாட் காலையிற் கூட்டினுள்ளே கடதாசியைப் பிறாண்டுவது போன்ற ஓசை கேட்டது. கூட்டின் தலைப்பக்கம் நனைந்து கருமையாயிற்று. அரை மணி நேரத்தின் பின், நனைந்த பூனைக்குட்டி போன்ற ஒன்று தவழ்ந்து வெளிவந்து கொப்பின் மேலேறித் தொங்கிற்று. இறகுகளோ நகத்தளவு, கசங்கிய சீலைத்துண்டுகள். பிறவிக் குறையோ என்று அஞ்சினோம். ஆனால் உடலிலிருந்து நீர்மம் இறகு நரம்புகளுக்குள் பாயப் பாய, அச்சீலைத்துண்டுகள் சுருக்கம் நீங்கி இறங்கத் தொடங்கின. முற்பகல் முடிவதற்குள் நிலா முழுமையாயிற்று. சமையலை அடுப்பில் விட்டுவிட்டு எல்லோரும் விறாந்தையில் நின்றனர். சோறு கரிந்தது; எவரும் எவரையும் ஏசவில்லை.

உணர்கொம்பு ஒடுங்கியிருந்தமையால் பெண் என அறிந்தோம். ஆணுக்கு அது அகன்ற இறகுபோல் இருக்கும். சிறுவனுக்குச் செய்தி அனுப்பினோம். மாலையில் ஆச்சியையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். தேங்காய்ச் சிரட்டையிற் சீனித் தண்ணீரும் கொண்டுவந்திருந்தான். அதனை வாங்கி வைத்துக்கொண்டு அவனுக்கு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. இப்பூச்சிக்கு உண்ணும் வாய் இல்லை.

வளர்ந்த நிலாப் பூச்சியின் வாயுறுப்புகள் பயனற்றுக் குறுகிப்போனவை. புழுவாக இருந்த காலத்தில் ஒதிய இலையிலிருந்து சேர்த்து வைத்த கொழுப்பே அதன் கட்டுச்சோறு. அது தீருமட்டும், ஏறத்தாழ ஒரு கிழமை, அது உயிர்வாழும். அதற்குள் துணை சேர்ந்து முட்டையிடல் வேண்டும். “ஒரு கிழமை பட்டினியோ?” என்றார் ஆச்சி. பிறகு சிறிது நேரம் பேசாதிருந்து, “நான் அடுப்புக்கை போடச் சொன்னனான்” என்றார்.

துணையை அது எவ்வாறு அழைக்கும்? ஓசையாலன்று, மணத்தால். வயிற்று நுனியிலுள்ள சுரப்பியைப் புறத்தே நீட்டி, நடுச்சாமத்திற்குப் பின் காற்றிலே ஒரு வாசனையைக் கலக்கும். எமது மூக்குக்கு அது எட்டாது. பிரான்சிய அறிஞர் பாபர் கூண்டில் அடைத்த ஒரு பெருமயிற் பட்டுப்பூச்சிப் பெண்ணை நாடி, எட்டு இரவுகளில் 150 ஆண்கள் அவர் வீட்டுச் சாளரங்களினூடே வந்தன. சுற்றுப்புறத்தில் அவ்வினம் அரிது என்கையில் அவை எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருத்தல் வேண்டும்! இத்தகைய வாசனைப் பொருளொன்றை முதன் முதலாகப் பிரித்தறிந்தவர் ஜேர்மானிய இரசாயன அறிஞர் புட்டெனான்ட். 1959ஆம் ஆண்டில், 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே அவர் பெற்றார். அதற்கு இருபது ஆண்டுகள் சென்றன.

அழைப்பைக் கேட்டு வரும் ஆணுக்கு வழியில் வௌவால் ஓர் எமன். அங்கேதான் அந்த நீண்ட வால்கள் கைகொடுக்கின்றன. 2015ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அந்நாட்டு நிலாப் பூச்சிகளை இருண்ட அறையிலே வௌவால்களின்முன் பறக்கவிட்டுப் பார்த்தனர். வாலை நறுக்கிய பூச்சிகளுள் பத்தில் எட்டு அகப்பட்டன. வாலுள்ளவற்றுள் மூன்றில் ஒரு பங்கே அகப்பட்டது. பறக்கும்போது சுழலும் வால்நுனி வௌவாலின் எதிரொலியைக் குழப்ப, அது உடலை விட்டு வாலைக் கடித்து ஏமாறுகின்றது. அழகென்று நாம் கருதியது தற்காப்பு.

இனி எமது விறாந்தைக்குத் திரும்புவோம். முதலிரவு பூச்சியை நுளம்பு வலைக் கூண்டில் வைத்து, விளக்கையெல்லாம் அணைத்துக் காத்திருந்தோம். எவரும் வரவில்லை. இரண்டாம் இரவு மழை. மூன்றாம் இரவு வானம் வெளித்தது, காற்றும் இதமாயிருந்தது, ஆயினும் வரவில்லை. விடிந்து பார்த்தால் வலையிலே சில முட்டைகள் ஒட்டியிருந்தன. கருக்கட்டாத முட்டைகள், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இட்டவை. இன்னும் நான்கைந்து நாளே அதற்குண்டு.

அப்பொழுதுதான் எமது தெருவை நாம் முதன் முறையாகப் பூச்சியின் கண்கொண்டு பார்த்தோம். இருபுறமும் சீமெந்து மதில். மதில் இல்லாத இடத்தில் தகரம். ஒரு கதியால் இல்லை. 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் ஆளற்றுக் கிடந்த தீவக வளவுகளிலே, கதியால்கள் தறிப்பாரின்றி மரங்களாகி நின்றதைத் திரும்பி வந்தவர்கள் கூறுவர். மீண்டு வந்தவர்கள் காட்டை வெட்டினார்கள், வெட்டத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்ப, ஆண்டுதோறும் வேலியடைக்கும் செலவையும் எல்லைச் சண்டையையும் தீர்க்க மதில் எழுப்பினார்கள்; அதனையும் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. எமது மதிலும் அவ்வாறு எழுந்ததே. ஆனால் அம்மதில் எதனை வெளியே நிறுத்தியது என்பது அன்று காலையிலேதான் எமக்குத் தெரிந்தது.

நான்காம் நாள் மாலை பூச்சியை ஓர் ஓலைப்பெட்டியில் வைத்து வேலணைக்கே கொண்டு சென்றோம். ஆச்சி வீட்டு ஒழுங்கையின் கடைசி வளவில் பழைய வேலி இன்னும் இருந்தது. தெருவிளக்கும் அதுவரை வரவில்லை. விளக்கைச் சுற்றியே தம் ஒரு கிழமையையும் வீணாக்கும் பூச்சிகள் பல. சிறுவன் கொப்பொன்றிலே வலைக்கூண்டைக் கட்டி, வாயைத் திறந்துவிட்டான். “பறந்து போனா?” என்றான். முட்டைப் பாரம் உள்ள பெண் முதலிரவுகளில் அதிகம் பறக்காது என்று கூறி அவனை அழைத்து வந்தோம். எமக்கும் அதே பயந்தான்.

விடியுமுன் ஆச்சியே எம்மை எழுப்பினார். ஒழுங்கையில் நீர் தேங்கியிருந்தது. கூண்டு வெறிதாய் இருந்தது. சிறுவனின் முகம் வாடுவதற்குள் ஆச்சி மேலே கையைக் காட்டினார். ஒரு முழத்திற்கு அப்பாலிருந்த இலைக்கொத்தின் கீழே, வால்கள் நான்கும் ஒருங்கே தொங்க, இரு நிலாக்கள் ஒன்றோடொன்று பொருந்தி அசையாதிருந்தன. ஆணின் ஒரு வால் பாதியில் அறுந்திருந்தது. வௌவாலின் வேலையாகத்தான் இருக்கும்.

அவ்வளவுக்காரரிடம் சென்று பேசினோம். அவரும் மதிலுக்குக் கல்லறுக்கச் சொல்லிவிட்டாராம். கார்த்திகை நடுவிலே வேலியைத் தறிப்பதாக ஏற்பாடு. நாம் முற்றத்து மணலில் விரலாற் கணக்கிட்டுக் காட்டினோம். முட்டை பொரிக்கப் பன்னிரண்டு நாள். புழு வளர ஆறு கிழமை. மார்கழி கழிவதற்குள் எல்லாம் கூட்டுக்குள் சென்றுவிடும். அவர் தலையைச் சொறிந்தார். மேசனுக்குக் கொடுத்த முற்பணத்தை நினைத்தார். ஆச்சியின் முகத்தையும் பார்த்தார்.

“சரி அக்கா, பொங்கலுக்குப் பிறகு வெட்டுவம்.”

“வெட்டேக்கை என்னைக் கூப்பிடு” என்றார் ஆச்சி. “சருகுக் கூடெல்லாத்தையும் நான் பொறுக்கி எடுக்கவேணும்.”